கள் அவன் கட்சி

காலையில் சிலுவையம்மாள் பேசினால் காசிமேட்டுக் கரை காது கொடுக்கும். எந்தக் கட்டுமரம் எங்கே வலை போட்டது, எந்த மீன் இன்று பிடித்தது, எது நேற்றையது என்பதெல்லாம் அவள் வாயால் கேட்டால்தான் மற்ற மீன்காரிகளுக்குத் திருப்தி. பொழுது சாய்ந்த பிறகு அவள் பேசினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

காரணம் கள். அதை இராயபுரத்தில் யாரும் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் வாங்கி, ஈரச் சேலையோடு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முத்தியால்பேட்டை பூராவும் சுற்றி வருகிறவளுக்கு அந்தியில் உடம்பு வலிக்கத்தான் செய்யும். கல்யாணமான புதிதில் புருஷன் பாஸ்கல்தான் முதல் கலயத்தை அவள் கையில் கொடுத்தான். அவன் ஒரு கலயத்தோடு எழுந்துவிடுவான். அவளுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. மகள் அடைக்கலமேரி பிறந்து, வளர்ந்து, திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில், சிலுவையம்மாள் கள்ளுக்கடைக்குப் போகாத சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. பாஸ்கல் கோபித்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், பிறகு தினமும் போய்க் கைத்தாங்கலாக அழைத்து வரப் பழகிக்கொண்டான்.

குடித்துவிட்டுப் படுக்கிறவர்களுக்கு விடியுமுன் நா வறண்டு தூக்கம் போய்விடும். அவளுக்கும் அப்படித்தான். மற்ற மீன்காரிகள் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே எழுந்து வந்து மணலில் உட்கார்ந்து, தன் புருஷனின் கட்டுமரம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு மாசி மாதக் காலையில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது.

கிழக்கு வெளுத்திருந்தது. பாஸ்கலின் கூட்டாளிக்குக் காய்ச்சல் என்பதால் அவன் தனியாகப் போயிருந்தான். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் அவன் மரத்தை நிறுத்தி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வடக்கேயிருந்து கப்பல் கம்பெனியின் லாஞ்சு வந்தது. வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் ஏற்றிப் போகிற நீராவி லாஞ்சு அது. கரையை ஒட்டி, மரங்கள் நிற்கிற தண்ணீருக்குள் புகுந்து நேராக வந்தது. ஊதவில்லை. திரும்பவில்லை. பாஸ்கல் எழுந்து நின்று துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். லாஞ்சு அவன்மேல் ஏறிப் போயிற்று. நிற்காமல் துறைமுகத்துக்குள் போய்விட்டது.

அவனுடைய உடம்பு இரண்டு நாள் கழித்துத் திருவொற்றியூரில் கரை ஒதுங்கியது.

கம்பெனியின் துரை விசாரணை வைத்தான். லாஞ்சை ஓட்டியவன் வேதமாணிக்கம் சாரங்கு. அவனும் இராயபுரத்தான்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் முழங்காலிடுகிறவன். பித்தளைப் பொத்தான் வைத்த கம்பெனிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "இருட்டு கலையலிங்க தொர. மரத்துல விளக்கு இல்ல. மோதினதே எனக்குத் தெரியாது" என்று சொன்னான். கரையில் இருந்த மற்றவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். முதலிலிருந்து பார்த்தது சிலுவையம்மாள் ஒருத்திதான்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். துரைக்கு முன்னால் நிற்கத் தைரியம் வேண்டுமே என்று வழியில் ஒரு கலயம் இறக்கிவிட்டுத்தான் போயிருந்தாள். வாயைத் திறந்து, "வெளிச்சம் இருந்திச்சு தொர, எங்கண்ணால..." என்பதற்குள் துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து அருகே வந்தார்.

"ஊது" என்றார்.

அவள் ஊதினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேதமாணிக்கம் பணிவாகக் கையைக் கட்டியபடி சொன்னான்: "தொர, இவ ராவெல்லாம் குடிச்சிட்டு மணல்ல கெடக்கிறவ. இவ கண்ணுக்கு ஒரு லாஞ்சி ரெண்டா தெரியும்."

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னான். துரை சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். வாசலில் நின்ற சேவகன்கூடச் சிரித்தான். அத்தோடு விசாரணை முடிந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் அழுதாள். "நான் பாத்தேண்டி. நெசமா பாத்தேன்."

அடைக்கலமேரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் காலையிலகூட உம்மேல வாசனை அடிச்சிகினுதான்மா இருந்திச்சு" என்றாள்.

அந்தப் பேச்சு சிலுவையம்மாளுக்கு விசாரணையைவிட அதிகமாகச் சுட்டது. அன்று சாயங்காலம் முட்ட முட்டக் குடித்தாள். குடித்த சூட்டில் மீன் அரிகிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, லாஞ்சு கட்டுகிற படித்துறைக்குப் போனாள். வேதமாணிக்கம் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தான். இரண்டு படி இறங்குவதற்குள் கால் இடறிக் குப்புற விழுந்தாள். கத்தி சறுக்கிக்கொண்டு போய் அவன் காலடியில் நின்றது. லாஞ்சு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் குனிந்து கத்தியை எடுத்து, தன் கோட்டில் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

"புடிமே. நாளைக்கு மீன் அரிய வோணும்ல?"

அதை வாங்கிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்து இருட்டுகிற கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, ஒரு விஷயம் தெளிவாயிற்று. குத்துவதற்குக் கிளம்பியவள் அவள். காலைத் தட்டிவிட்டது கள். துரைக்கு முன்னால் அவள் வாயைத் திறந்தபோது முந்திக்கொண்டு பேசியதும் கள். பெற்ற மகளின் நம்பிக்கையைக் கெடுத்ததும் அதுதான். கள் அவன் கட்சி. இத்தனை வருஷம் எதிரிக்கு ஆள் சேர்த்து, அந்த ஆளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்து வளர்த்திருக்கிறாள்.

"இனிமே உனுக்கு எங்கிட்ட எடம் இல்ல" என்று உரக்கவே சொன்னாள். கள்ளுக்குச் சொன்னாளா, சாரங்குக்குச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது.

மாதா கோயிலில் போய் அவள் நேர்ந்துகொள்ளவில்லை. தான் எதற்காகக் குடியை விடப் போகிறோமோ அதை மாதாவிடம் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் செய்த பிழையைப் பொறுக்கிற இடம் வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். அந்த இடம் தாண்டியதும் மீண்டும் சேர்ந்துகொள்வாள்.

விடுவது லேசாக இருக்கவில்லை. முதல் நாட்களில் கை உதறியதில் கூடையைத் தலைக்குத் தூக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை. வியர்வையில் பாய் நனைந்தது. சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகச் சொல்லி விளக்குமாற்றை எடுத்து அடித்தாள். எறும்பு ஒன்றுகூட இல்லை. "ஒரே ஒரு வாய் குடிச்சிக்கோயேம்மா, செத்துடப் போற" என்று மகளே பயந்து சொல்லும்படி ஆயிற்று.

"நான் செத்தா அவன் கோயில்ல மெழுவத்தி ஏத்துவான்டி" என்றாள் சிலுவையம்மாள். பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. "சாவ மாட்டேன்."

பகலைத் தள்ளிவிடலாம். வெயில் சாய்ந்து, தெருவில் விளக்கேற்றுகிற நேரம் வந்தால்தான் நரகம். அந்த நேரத்தில் கால்கள் தாமாகவே கள்ளுக்கடைப் பக்கம் திரும்பும். ஆகவே அந்தக் கால்களைப் படித்துறைக்கு ஓட்டிப் போனாள். லாஞ்சு வந்து கட்டுகிற இடத்துக்கு எதிரே ஒரு கற்குவியல். அதன்மேல் உட்கார்ந்து வேதமாணிக்கத்தைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசினால் கள் பேசுகிறது என்பான். அவன் இறங்குவதை, கயிறு கட்டுவதை, பீடி பற்றவைப்பதை, கோட்டைத் தட்டிவிட்டுக்கொள்வதை எல்லாம் இமைக்காமல் பார்ப்பாள். உள்ளே கள்ளுக்காகக் குடல் முறுக்கும்போது, 'இவன் கழுத்து, இவன் கழுத்து' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் அடங்கும்.

முதலில் அவன் கேலி பேசினான். "இன்னாமே, எம்மேல ஆசையா?" என்றான். ஆட்கள் சிரித்தார்கள். பிறகு பிறகு சிரிப்புக் குறைந்தது. அவள் நிதானமாக நடந்து வருவதையும், நிதானமாக எழுந்து போவதையும் ஆட்கள் பார்த்தார்கள். ஒரு நாள் அவன் கயிற்றைக் கட்டும்போது கை தவறி விட்டுவிட்டான். ஆட்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவன் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தான்.

மறுநாள் லாஞ்சில் கரி அள்ளிப் போடுகிற இக்னேஷியஸ் ஒரு பெரிய கலயத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"யக்கா... சாரங்கு குடுக்கச் சொன்னாரு. பனங்கள்ளு. இப்பத்தான் எறக்கினது."

அவன் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். நுரை கலயத்தின் வாயில் சிறு சிறு கண்களாக உடைந்துகொண்டிருந்தது. அந்த வாசனை அவள் மூக்குக்குள் புகுந்து தலை வரைக்கும் ஏறியது. பார்வை மங்கி, வாயில் எச்சில் ஊறி, தொண்டை தானாக விழுங்கியது. லாஞ்சின் மேல்தட்டில் வேதமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அதைப் பார்த்தாள். பார்த்ததனால் பிழைத்தாள். கலயத்தை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் கவிழ்த்தாள். விரல்களில் நுரை வழிந்தது. நாக்கு அந்த விரல்களைக் கேட்டது. ஈர மணலை அள்ளித் தோல் எரியும்வரை கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

ஆனால் இராயப்பர் திருநாளில் தோற்றாள்.

மீன்பிடிக்கிறவர்களின் திருநாள் அது. கட்டுமரங்களுக்கெல்லாம் மாலை போட்டு, சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சிலுவையம்மாளுக்கு நிற்பதற்கு ஒரு மரம் இல்லை. வெறும் மணலில் நின்றாள். பூசை முடிந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்தபோது யாரோ ஒரு கலயத்தை அவள் பக்கம் தள்ளினார்கள். கெட்ட எண்ணத்தோடு தள்ளினார்கள் என்று சொல்ல முடியாது. இன்று ஒருநாள், பாஸ்கல் பேரைச் சொல்லி ஒரு வாய் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

காலையில் கண் விழித்தபோது மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தன் தலையில் கனகாம்பரம் கசங்கி ஒட்டியிருந்ததைச் சிலுவையம்மாள் தொட்டுப் பார்த்தாள்.

"இத்த யாரு வெச்சா?"

அடைக்கலமேரி திரும்பாமலே சொன்னாள். "வேதமாணிக்கம். மரத்துல இருந்த மாலைய அறுத்து உந்தலையில அவன்தான் வெச்சான். 'ஆடுமே'ன்னான். கூடைய தலையில வெச்சிகினு ஆடின. கரை பூரா பாத்திச்சு. அவன் தாளம் போட்டான்." பிறகு, "நீ சிரிச்சிகினே ஆடினம்மா" என்றாள்.

சிலுவையம்மாள் பூவைப் பிய்த்து எறிந்தாள். முடியும் கொத்தாக வந்தது. அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. புருஷனைக் கொன்றவனுக்கு முன்னால், புருஷனின் திருநாளில், அவன் போட்ட தாளத்துக்கு ஆடியிருக்கிறாள். கத்தியால் குத்தினால்கூட இதற்கு ஈடாகாது என்று தோன்றியது. அவனுக்குச் சாவு போதாது. அவனும் கரை பார்க்கக் கூனி நிற்க வேண்டும். எல்லார் முன்னாலும். அவளைப் போலவே.

சாயங்காலம் எழுந்து முகம் கழுவினாள்.

"எங்கேம்மா போற?" என்றாள் மகள், பயத்தோடு.

"படித்துறைக்கு."

"நேத்து ஆடின ஆட்டத்துக்கு இன்னிக்கா? சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்" என்றாள்.

சிரித்தார்கள். ஒருவன் தாளம்கூடப் போட்டான். அவள் கற்குவியலின்மேல் உட்கார்ந்து, முன்பு போலவே வேதமாணிக்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள். மறுபடியும் கை உதறல், வாந்தி, இல்லாத எறும்புகள். ஆனால் இந்தத் தடவை அவள் வெறுப்புக்கு விறகு நிறைய இருந்தது.

குடி நின்று மாதங்கள் ஆக ஆக அவளுக்கு மூக்கு திரும்பி வந்தது. கருவாட்டுக் கொட்டகையைத் தாண்டி மல்லிகை விற்கிறவள் வருவது தெரிந்தது. மகள் தலையில் தீப்பெட்டி மருந்து வாசனை ஒட்டியிருப்பது தெரிந்தது. ஆவணி மாதத்தில் ஒரு விடியற்காலை, மீன் ஏலத்துக்குப் போகும் வழியில், லாஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்த வேதமாணிக்கம் அவளை இடித்துக்கொண்டு கடந்தான். கிராம்பு வாசனை அடித்தது. வெற்றிலை வாசனை. அதற்குக் கீழே, அமுக்கி வைத்த மாதிரி, பட்டைச் சாராயம்.

அவள் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் குடிக்காத ஆள் அந்தக் கரையில் யார்? அதில் ஒன்றும் இல்லை. விடியலில் குடிக்கிறவன் வேறு ஜாதி. முந்தின நாள் குடித்ததன் நடுக்கத்தைப் போக்கக் காலையில் குடிக்கிறவன். அது அவளுக்குத் தன் கைபோலத் தெரிந்த விஷயம். பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவன் பீடி பற்றவைக்கக் குச்சிகளை வரிசையாக வீணாக்கினான். பிறகு சுக்கான் அறைக்குள் குனிந்தான். நிமிர்ந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டான். அடுத்த குச்சியில் பீடி பற்றிக்கொண்டது.

அன்று சாயங்காலம் இக்னேஷியஸை வழியில் மடக்கினாள்.

"உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம் புருசன் செத்த அன்னிக்குக் காலையில அவன் குடிச்சிருந்தானா?"

இக்னேஷியஸ் நாலு பக்கமும் பார்த்தான். "யக்கா, எனுக்கு மூணு புள்ளைங்க கீது."

"எனுக்கும் ஒண்ணு கீது. அதுக்கு நைனா இல்ல."

அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சொன்னான். "சுக்கான் மேல சாஞ்சிகினு தூங்கிகினு இருந்தாருக்கா. நான் கரி போட்டுகினு இருந்தேன். டமார்னு சத்தம். ஏறி வந்து பாத்தா மரம் ரெண்டா பொளந்து பின்னால போய்கினு கீது. 'நிறுத்துங்க சாரங்கு'ன்னேன். 'மூடிகினு கீழ போடா'ன்னாரு. போயிட்டேன்."

சிலுவையம்மாளுக்கு அவன்மேலும் கை ஓங்கத் தோன்றியது. ஓங்கவில்லை. அவனை அடித்தால் வேதமாணிக்கத்துக்குச் சேர வேண்டியது குறைந்துவிடும் போல இருந்தது.

"நீ எங்கியும் வந்து சொல்ல வாணாம். தொர எப்ப அந்த லாஞ்சியில ஏறுவான்? அத்த மட்டும் சொல்லு."

சீமையிலிருந்து கப்பல் வந்து வெளியே நின்ற ஒரு காலையில் துரை படித்துறைக்கு வந்தான். கூட அவன் பெண்சாதி, வெள்ளைக் குடையோடு. கப்பலில் வருகிற தங்கையை எதிர்கொண்டு அழைத்துவர அந்த அம்மாளும் போவதாக ஏற்பாடு. குமாஸ்தா, சேவகர்கள், லாஞ்சு ஆட்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று நல்ல கூட்டம். சிலுவையம்மாள் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தாள். அடைக்கலமேரியும் அன்று ஆலைக்குப் போகாமல், சற்றுத் தள்ளி நின்றாள். தாய் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. மானம் போகாமல் இழுத்து வர வேண்டியிருக்கும் என்றே வந்திருந்தாள்.

லாஞ்சுக்குப் போகிற பலகையின் குறுக்கே சிலுவையம்மாள் போய் நின்றாள். சேவகன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் அசையவில்லை.

"தொர, அன்னிக்கு என் வாய மோந்து பாத்தீங்க. இன்னிக்கும் பாருங்க" என்று சொல்லி, குமாஸ்தாவின் முகத்துக்கு நேரே ஊதினாள். அவன் அனிச்சையாகப் பின்வாங்கினான். பிறகு ஒன்றும் நாற்றம் இல்லையே என்பது போல நின்றான்.

"இன்னா கீது?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை" என்றான் குமாஸ்தா.

"சரி. இப்ப இந்த அம்மாவ நடுக்கடலுக்கு இட்டுகினு போறானே, அவன் வாய மோந்து பாருங்க. கிராம்பு வாசனையோட நிறுத்தாதீங்க. அதுக்கு அடியில மோந்து பாருங்க. எம் புருசன் மேல லாஞ்சிய ஏத்தின அன்னிக்கும் இதே வாய்தான்."

"குடிகாரி ஒளர்றா தொர!" என்று மேல்தட்டிலிருந்து வேதமாணிக்கம் கத்தினான். ஆனால் அவசரமாக வாயில் எதையோ போட்டு மெல்லத் தொடங்கினான். துரைசானி அதைப் பார்த்துவிட்டாள். குமாஸ்தாவை என்னவோ கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு இங்கிலீஷில் சொன்னான். துரைசானியின் முகம் மாறியது. பலகையின்மேல் வைத்த காலை எடுத்துவிட்டாள்.

ஒரு மீன்காரியின் புருஷன் செத்ததில் துரைக்கு அக்கறை இருந்ததோ இல்லையோ, தன் பெண்சாதி ஏறப்போகிற லாஞ்சு விஷயத்தில் அக்கறை இருந்தது. சாரங்கைக் கீழே இறங்கி வரச் சொன்னான். வேதமாணிக்கம் இறங்கினான். பலகையில் கால் சரியாக விழவில்லை. கையை விரித்துச் சமாளித்தான். துரை அருகே போய்க் குனிந்தான்.

"ஊது" என்றான். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவனுக்குத் தெரிந்திருந்தது.

கரை முழுவதும் பார்த்தது. வேதமாணிக்கம் பெரிய உடம்புக்காரன். அந்த உடம்பு கூனிக் குறுகி, வாயைப் பாதி திறந்து, குழந்தை விளக்கை ஊதுவது போல ஊதியது. துரை முகத்தைச் சுளித்து, கோட்டைக் கழற்றச் சொன்னான். பித்தளைப் பொத்தான்களைக் கழற்ற அவன் விரல்களால் முடியவில்லை. சேவகன்தான் கழற்றினான். சுக்கான் அறையிலிருந்த புட்டியை இக்னேஷியஸ் தானாகவே போய் எடுத்து வந்து துரையின் காலடியில் வைத்தான். வைத்துவிட்டு, "அன்னிக்கும் குடிச்சிட்டுத் தூங்கினாரு தொர" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். திருநாளன்று தாளம் போட்டவன் இப்போது வேதமாணிக்கத்துக்குத் தாளம் போட்டான். சிலுவையம்மாள் ஒவ்வொரு சிரிப்பையும் தனித்தனியாகக் கேட்டாள். நெஞ்சு குளிர்வது என்றால் என்ன என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எந்தக் கள்ளும் அப்படிக் குளிர்ந்ததில்லை.

"தொர, அப்ப எம் புருசன் மேல தப்பு இல்லன்னு சொல்லிடுங்க" என்றாள்.

துரை ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். "அது முடிஞ்சுபோன கேஸ். வேலையிலிருந்து நீக்கியாச்சு, அவ்வளவுதான்" என்றான் குமாஸ்தா.

அவ்வளவுதான் நடந்தது. ஜெயில் இல்லை, மறு விசாரணை இல்லை. வேதமாணிக்கம் வெற்று மார்போடு வீட்டுக்குப் போனான்.

அவனுக்கு வேறு எந்த லாஞ்சிலும் வேலை கிடைக்கவில்லை. பகலிலேயே சாராயக்கடையில் கிடக்க ஆரம்பித்தான். சிலுவையம்மாள் படித்துறையை விட்டுவிட்டுச் சாராயக்கடைக்கு எதிரே போய் நிற்கத் தொடங்கினாள். தாடி வளர்ந்து, எச்சில் வழிய, சுவரில் சாய்ந்திருப்பவனைப் பார்ப்பாள்.

"வாமே" என்றான் ஒரு நாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "வந்து ஒண்ணு போடு. நீயும் நானும் ஒண்ணுதான்."

"நீ குடி சாரங்கு. நல்லா குடி" என்றாள். அவன் இன்னொரு குவளை கேட்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

அடைக்கலமேரி வாசலில் காத்திருந்தாள். "இப்பவும் தெனம் சாயங்காலம் கடைக்குத்தான்மா போற" என்றாள். "அப்ப குடிக்கப் போன. இப்ப பாக்கப் போற."

சிலுவையம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் சாகறத்த நான் பாக்க வாணாமா? உங்க நைனாவ கொன்னவன்டி!"

"தெரியும்."

"உனுக்கு இன்னா தெரியும்? நான் சொன்னப்ப நீ நம்பினியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கிட்டே வந்து தாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நம்பல. தப்புதான். நாளைக்கு நீ எங்க வேணா போ. இன்னிக்கு எனுக்குச் சொல்லு. அன்னிக்கு நீ பாத்தத. மொதல்லேந்து சொல்லு. யாரும் உன்ன முழுசா சொல்ல உட்டதே இல்ல."

சிலுவையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பழைய தாகம் அந்த நேரத்தில் எங்கிருந்தோ கிளம்பித் தொண்டையைப் பிடித்தது. மகள் பிடித்த கையை விடவில்லை.

"கெழக்கு வெளுத்துகினு இருந்திச்சு" என்று ஆரம்பித்தாள். "உங்க நைனா வலைய சுருட்டிகினு இருந்தாரு..."

துடுப்பைத் தூக்கி ஆட்டிய இடம் வந்தபோது இருவரும் அழுதார்கள். சொல்லி முடித்த பிறகும் அடைக்கலமேரி கேட்டுக்கொண்டே இருந்தாள். நைனா கத்தினாரா, கரையைப் பார்த்தாரா, அன்றைக்கு என்ன துண்டு கட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் சிலுவையம்மாளிடம் பதில் இருந்தது. பிறகு பானையில் தண்ணீர் ஊற்றி உலை வைத்தார்கள்.

சாராயக்கடைப் பக்கம் அவள் போவது மெல்லக் குறைந்தது. பிறகு நின்றது. வேதமாணிக்கம் எண்ணூர் உப்பளத்தில் கூலிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வருஷக்கணக்காகக் குடித்ததைச் சொன்னாள். விட்டதையும் சொன்னாள். சாமியார் சந்தோஷப்பட்டார். "அந்த மனுஷனை மன்னித்துவிட்டாயா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி."

"அப்படியானால் நான் எப்படி உனக்குப் பாவமன்னிப்புக் கொடுப்பது?"

"கள்ள உட்டுட்டேன் சாமி. அவன இன்னும் உட முடியல. பொய் சொல்லி வாங்கிகினு போவ எனுக்கு இஷ்டம் இல்ல."

சாமியார் கொடுக்கவில்லை. அவள் முழங்காலிட்ட இடத்திலிருந்து எழுந்து, வெளியே வைத்திருந்த கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். அன்றைக்கு மத்தி மீன் நிறையக் கரையேறியிருந்தது. மீன்காரிகள் சூழ்ந்துகொண்டு எது நல்லது என்று அவளைக் கேட்டார்கள். அவள் குனிந்து, முகர்ந்து பார்த்துச் சொன்னாள்.